நாணயத்துக்கு நினைவில்லை

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உலகச் சதுரங்க வாகையர் போட்டியின் 14ஆவது ஆட்டம். அதுவரை இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளி. கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் டிங் லிரெனுக்கு. கறுப்பு, சென்னையைச் சேர்ந்த குகேஷுக்கு. 55ஆவது நகர்வில் டிங் தன் யானையை வைக்கக் கூடாத கட்டத்தில் வைத்தார். சற்று நேரத்தில் ஆட்டம் முடிந்தது. 18 வயதுக் குகேஷ் உலக வாகையர் ஆனார். மறுநாள் எல்லாரும் அந்த ஒரு பிழையைப் பற்றித்தான் பேசினார்கள். போட்டி முழுதும் ஓடிய இன்னொரு கணக்கைப் பற்றிப் பேச்சே எழவில்லை. 14 ஆட்டங்களில் ஆளுக்கு ஏழு முறை வெள்ளை, ஒன்று விட்டு ஒன்றாக. முதல் ஆட்டத்தில் வெள்ளை குகேஷுக்கு விழுந்தது, அதில் தோற்றார். இறுதி ஆட்டத்தில் கறுப்பு, அதில் வென்றார். முடிவு கண்ட ஐந்து ஆட்டங்களில் வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு.

முதல் நகர்வுக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சதுரங்க உலகம் நெடுநாளாக ஒப்புக்கொண்டிருக்கிறது. பதிவான ஆட்டங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் வெள்ளைக்குக் கிடைக்கும் புள்ளி நூற்றுக்கு 54, 55 என்ற அளவில் நிற்கும். ஆகவே வெள்ளையைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பங்கீட்டிலும் வழக்கு உண்டு. ஒன்று விட்டு ஒன்று என்றால், முதலில் வெள்ளை பெற்றவர் எப்போதும் ஓர் அடி முன்னால் இருப்பார். மற்றவர் ஈடு கட்டிக்கொண்டே வருவார். 2013இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதியபோது பாதியில் வரிசையைத் திருப்பினார்கள். அதனால் 6ஆவது, 7ஆவது ஆட்டங்கள் இரண்டிலும் அடுத்தடுத்து ஆனந்துக்கே வெள்ளை. காற்பந்தில் பெனால்டி உதைகளுக்கும் 2017இல் அப்படி ஒரு வரிசையைச் சோதித்தார்கள். முதலில் ஓர் அணி, அடுத்து மற்ற அணி இருமுறை, பின் முதல் அணி இருமுறை என்று போகும். பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். நியாயமான விதி பார்வையாளருக்குப் புரியவும் வேண்டும் போலிருக்கிறது.

சொல் விளையாட்டுகளில் இந்தக் கேள்வி எப்படி நிற்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். சிங்கப்பூர் அதற்குப் பொருத்தமான இடம். பள்ளிக் குழந்தைகள் முதல் ஓய்வு பெற்றவர்கள் வரை ஸ்கிராபிள் ஆடும் நகரம் இது. ஒரு போட்டி ஆட்டத்தில் 850 புள்ளி குவித்து 2012இல் உலகச் சாதனை படைத்த டோ வெய்பின் சிங்கப்பூரர். கடற்பாலத்தைத் தாண்டினால் ஜோகூர் பாரு. 2009இல் உலக ஸ்கிராபிள் போட்டி அங்கேதான் நடந்தது. அதற்கு முந்தைய உலகப் போட்டி, 2007இல் மும்பையில். அதில் நைஜல் ரிச்சர்ட்ஸை எதிர்த்து இறுதி வரை போனவர் மலேசியாவின் கணேஷ் ஆசிர்வாதம்.

ஸ்கிராபிளில் முதலில் வைப்பவரின் சொல் நடுக்கட்டத்தை மூட வேண்டும். அந்தக் கட்டம் சொல்லின் மதிப்பை இரட்டிப்பாக்கும். அவருக்கு வேறு அனுகூலங்களும் உண்டு. ஏழு எழுத்துக்கட்டைகளையும் ஒரே மூச்சில் இறக்கி 50 புள்ளி வெகுமதி பெறும் வாய்ப்பு முதலில் அவருக்குத்தான். ஆட்டம் முடியும்போது எதிராளியைவிட ஒரு முறை கூடுதலாக ஆடியிருக்கவும் கூடும். பாதகம் என்றால் பலகை வெறுமையாக இருக்கும். கொக்கி போட எழுத்து எதுவும் இராது. கூட்டிக் கழித்தால் முதல்வருக்குச் சிறிய சாய்வு மிஞ்சுகிறது. வீட்டில் ஆடும்போது பையிலிருந்து ஆளுக்கொரு கட்டை எடுத்து, அகரவரிசையில் முந்தியவர் தொடங்குவார். போட்டி மண்டபத்தில் அது செல்லாது. அதுவரை யார் குறைவான முறை தொடங்கியிருக்கிறாரோ அவரே தொடங்க வேண்டும். இருவரும் சமம் என்றால்தான் சீட்டு. மண்டபத்துச் சீட்டுக்கு நினைவு இருக்கிறது.

இணையத்துக்கு வந்தால் அந்த நினைவு மறைந்துவிடுகிறது. இணையச் சொல்லாட்டத்தை உலகப் பழக்கமாக்கியதில் கொல்கத்தா சகோதரர்கள் ரஜத், ஜயந்த் அகர்வாலாவுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களுடைய ஸ்கிராபுலஸ் 2007இல் ஃபேஸ்புக்கில் ஏறியது; நாள்தோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் ஆடினார்கள். 2008இல் உரிமை வழக்குகள் வந்தன. டெல்லி உயர் நீதிமன்றம் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது. பலகைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்றும் சொன்னது. ஆட்டம் லெக்சுலஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு பிழைத்தது. வழக்கு பெயரையும் பலகையையும் பற்றியது. யார் முதலில் ஆடுவது என்பதை நிரல் எப்படி முடிவு செய்கிறது என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அவசியம் ஏற்படவில்லை. ஆடுகிறவர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை. சில செயலிகளில் அழைப்பு விடுப்பவருக்கே முதல் நகர்வு. சிலவற்றில் நிரல் தன் நாணயத்தைச் சுண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் எதிராளி முன்பின் தெரியாதவர். ஒவ்வொரு முறையும் புது நாணயம்.

அதனால் எவ்வளவு அநியாயம் விளைகிறது? கணக்கைப் போட்டே பார்க்கலாம். 20 ஆட்டம் ஆடுகிறீர்கள். நாணயம் நேர்மையானது. ஆனாலும் முதல் வாய்ப்பு 13–7 என்றோ அதைவிட மோசமாகவோ ஒரு பக்கம் சாய்வதற்கு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே வாய்ப்பு இருக்கிறது. அதாவது நாலு பேர் ஆடினால் ஒருவருக்காவது கணக்கு இப்படிக் கோணிப்போகும் என்று எதிர்பார்க்கலாம். முதலில் ஆடுபவர் நூற்றுக்கு 55 முறை வெல்வார் என்று வைத்துக்கொள்வோம். 13 முறை முதல்வராக இருந்தவருக்கு, ஆளுக்குப் பத்தாக வர வேண்டிய வெற்றியில் கூடுவது 0.3 மட்டுமே. ஓர் ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கையில் வந்த எழுத்துகளின் அதிர்ஷ்டம் இதை எங்கேயோ அடித்துக்கொண்டு போய்விடும். “எனக்கு முதல் வாய்ப்பே வருவதில்லை” என்று புலம்புகிறவர்களிடம் இந்த எண்ணைக் காட்டலாம்.

என்றாலும் புலம்பலில் ஒரு நியாயம் இருக்கிறது. போட்டி மண்டபத்தில் நடுவர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதை, நீங்கள் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் நொடி சுத்தமாகப் பதிந்து வைத்திருக்கும் கணினி ஏன் செய்யக் கூடாது? 12 முறை தொடங்கியவரும் எட்டு முறை தொடங்கியவரும் சந்தித்தால் பின்னவருக்கு முதல் வாய்ப்பு. நிரலில் சில வரிகளில் முடிகிற வேலை. விளம்பரம் காட்ட வேண்டிய நேரத்தில் நம் பழைய ஆட்டங்கள் எல்லாம் செயலிக்கு ஞாபகம் இருக்கின்றன. முறை வழங்கும் நேரத்தில் மட்டும் மறதி வந்துவிடுகிறது.

சிங்கப்பூர்க்காரருக்கு நினைவுள்ள குலுக்கல் புதிதல்ல. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய பிடிஓ வீட்டுக்கு, அதாவது தேவைக்கேற்பக் கட்டப்படும் வீட்டுக்கு விண்ணப்பித்தால் கணினிக் குலுக்கலில் ஒரு வரிசை எண் வரும். அந்த எண் வந்த நாளில் குடும்பங்களுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை சதுரங்க வீரர்களின் ஆலோசனைக்குக் குறைந்ததில்லை. முன்பு கிடைக்காமற்போன முதல்முறை விண்ணப்பதாரர்களுக்கு அடுத்த குலுக்கல்களில் கூடுதல் வாய்ப்பு தருவது கழகத்தின் வழக்கம். எண் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. இந்தியர், பிறர் என்ற பிரிவுக்கு 2010இல் அது புளோக்கில் 13இலிருந்து 15 விழுக்காடாகவும், வட்டாரத்தில் 10இலிருந்து 12 விழுக்காடாகவும் உயர்ந்தது. உங்கள் எண் வரும்போது புளோக்கில் வீடு இருக்கும். உங்கள் பிரிவுக்கான இடம் முடிந்திருக்கலாம். முறை வருவது ஒன்று, அது வரும்போது மிச்சம் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொல்லாட்டத்தில் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

அதற்கு முன், முறை என்பதையே ஒழித்துவிட முயன்றவர்களைப் பார்த்துவிடுவோம். பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகத்தில் பெரிதும் ஆடப்படுவது வேறொரு வடிவம். மண்டபத்தில் உள்ள அனைவருக்கும் அதே ஏழு எழுத்து, அதே பலகை. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய சிறந்த சொல்லைத் தாளில் எழுதிக் கொடுக்கிறார். மிக அதிகப் புள்ளி தரும் சொல் எல்லாருடைய பலகையிலும் ஏறுகிறது. முதல்வர் என்று யாரும் இல்லை, எழுத்து அதிர்ஷ்டமும் இல்லை. இதை உருவாக்கியவர் பெல்ஜிய வழக்கறிஞர் இப்போலித் வூட்டெர்ஸ். நியாயம் முழுமையாக வந்துவிட்டது, எதிராளி போய்விட்டார். எனக்கு இது தேர்வு எழுதுவது போலத்தான் படுகிறது.

வேர்டலும் அந்த வகைதான். 2021இல் ஜாஷ் வார்டில் பொதுவில் விட்ட ஆட்டம். 2022 தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. உலகத்துக்கே நாளைக்கு ஒரு சொல், ஆறு முயற்சி. முறைச் சண்டைக்கு இடமே இல்லை என்று தோன்றும். ஆனால் புதுச் சொல் திறப்பது அவரவர் ஊர் நள்ளிரவில். சிங்கப்பூருக்கு அது நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முன்னால், அங்கே குளிர்காலம் என்றால் 13 மணி நேரம். சென்னையைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சிராங்கூன் சாலையில் இருப்பவர் விடையை முடித்துவிட்டுக் குடும்பக் குழுவில் வாய் தவறி உளறினால், மாம்பலத்தில் இருப்பவருக்கு அன்றைய ஆட்டம் போச்சு. இந்த இரண்டரை மணி நேரமும் சூரியன் கொடுத்ததல்ல. 1981 டிசம்பர் 31 இரவு வரை வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். மலேசியா தன் நேரத்தை ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. தீர்க்கரேகைப்படி பார்த்தால் இந்நகரம் இன்னும் ஒரு மணி நேரம் பின்னால் இருக்க வேண்டும். யாருக்கு முதல் வாய்ப்பு என்பதை ஆட்டத்தை வடிவமைத்தவர் தீர்மானிக்காவிட்டால் வேறு யாரோ எப்போதோ தீர்மானித்திருப்பார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். பலகையும் கட்டையும் இல்லாமல் நாம் ஆடுவது சொல் தொடர். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். பேருந்திலும் ஆடலாம், வாட்ஸ்அப் குழுவிலும் ஆடலாம். இதன் பாட்டு வடிவத்தை இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது ‘பாட்டுக்குப் பாட்டு’ என்று நடத்தி, பிறகு தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்தார். அந்தாதி பாடிய புலவர்களுக்கு இந்த வேலை நமக்கும் முன்பே தெரியும். அவர்கள் முடிப்பதும் தொடங்குவதும் தாமே என்பதால் எதிராளியை மாட்டிவிடும் ஆசை அவர்களுக்கு இல்லை. நமக்கு அந்த ஆசைதான் ஆட்டம்.

விதியை அப்படியே கண்டிப்பாக எடுத்துக்கொண்டால் இந்த ஆட்டம் ஒரே சொல்லில் முடிந்துவிடும். நன்னூல் சொல்லுக்கு முதலில் வரலாம் என்று ஒப்பும் எழுத்துகள் 12 உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்து மெய்யின் வரிசையும்தான். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளும் முதலில் வாரா. ஆனால் சொல்லின் கடைசியில் இவைதான் கூட்டம் போடுகின்றன. வீடு, ஆறு, மழை, மலை, பள்ளி, பூனை, நிலா. மெய்யில் முடிவன என்றால் கடல், தேன், கண், வேர், வாள், தமிழ். முதலில் ஆடுபவர் ‘மழை’ என்று சொன்னால் ‘ழை’யில் தொடங்கும் சொல் கிடையாது, எதிராளி வாயைத் திறக்கும் முன்பே தோற்றுவிட்டார். ஒப்பிய பத்து வரிசையிலும் எல்லா உயிரும் சேராது. ‘வ’ முதலில் வரும், ‘வு’ வராது. ஆகவே உணவு, கனவு, இரவு, அறிவு எல்லாமே முட்டுச்சந்துகள். ஸ்கிராபிளில் முதல்வரின் சாய்வு சிறியது என்று பார்த்தோம். இங்கே அது நூற்றுக்கு நூறு. முறையை எவ்வளவு நேர்மையாகச் சீட்டுப் போட்டுக் கொடுத்தாலும், சீட்டு விழுந்தவுடன் ஆட்டம் முடிந்தது.

நம் வீடுகளில் ஆட்டம் முடிந்துபோகாததற்குக் காரணம், வீட்டுக்கு வீடு இருக்கும் சலுகைகள். மெய்யில் முடிந்தால் அதன் அகரத்தை எடுத்துக்கொள்ளலாம். ன, ண வந்தால் ‘ந’ என்று கொள்ளலாம். ட, ர, ல வந்தால் வழக்கில் வந்து சேர்ந்த சொற்களைச் சொல்லலாம். இந்தக் கடைசிச் சலுகையில்தான் சிங்கப்பூர் வீடுகளில் தகராறு.

“ட. டாக்சி!”

“அதெல்லாம் செல்லாதுப்பா. தமிழ்ல சொல்லு.”

“பாட்டி, நீங்க மட்டும் ரவைன்னு சொன்னீங்க?”

பேரனுக்கு டாக்சி, லாரி, ரயில், ரப்பர் என்று கைவசம் சரக்கு இருக்கிறது. பாட்டிக்கு ஞாயிறு, ஞமலி தெரியும். எந்தச் சலுகையை அனுமதிக்கிறோமோ அந்தப் பக்கம் ஆட்டம் சாயும். வீட்டில் இதை அம்மா தீர்த்துவைப்பார். செயலியில் அகராதி தீர்க்கும். அகராதியைத் தேர்ந்தவர் ஆட்டத்தின் சாய்வையும் தேர்ந்துவிடுகிறார்.

ஜப்பானியர்கள் ‘ஷிரிட்டோரி’ என்று இதே ஆட்டத்தை ஆடுகிறார்கள். அவர்களுடைய ‘ன்’ ஒலியில் எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் ‘ன்’ முடிவுச் சொல்லைச் சொன்னவரே தோற்றவர். அந்த விதியை நாமும் எடுத்துக்கொண்டு, முட்டுச்சந்துச் சொல்லைச் சொல்பவருக்கே தோல்வி என்று வைத்துப் பார்ப்போம். அப்போது நிலைமை சுவாரசியமாகிறது. முட்டாத முடிவுகளில் மிகச் செழிப்பானது ‘ம்’. பணம், நிலம், வானம், பழம் என்று எதை எடுத்தாலும் அடுத்தவருக்குப் போவது ‘ம’. அவர் ‘மரம்’ என்கிறார். அதே ‘ம’ திரும்பி வருகிறது. மனம், மணம், மடம், மன்றம், மகுடம், மயக்கம், மஞ்சம். ‘ம’வில் தொடங்கி ‘ம்’மில் முடிகிற சொற்கள் ஒரு குவியலாகக் கிடக்க, இருவரும் மாறி மாறி ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். மற்ற வழிகள் அடைபட்ட நிலையில் இங்கே வெற்றி சொல்லறிவைப் பொறுத்ததல்ல. குவியலில் உள்ள எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்தது. ஒற்றை என்றால் அதைத் தொடங்கியவர் கடைசிச் சொல்லையும் எடுத்து வெல்வார்; இரட்டை என்றால் மற்றவர்.

எண்ணுவது எந்த அகராதியில்? சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியில் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அதில் சிறு பகுதி. அடுத்த பதிப்பில் ‘ம’வில் தொடங்கி ‘ம்’மில் முடியும் ஒரே ஒரு புதுச் சொல் சேர்ந்தால் போதும், முதல்வருக்கு இருந்த அனுகூலம் மற்றவர் பக்கம் தாவிவிடும். முறை நியாயத்தை இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கவிடும் விளையாட்டு வேறு எனக்குத் தெரியாது.

அப்படியானால் முழு அகராதியையும் வைத்துக்கொண்டு, முதல்வர் வெல்வாரா இரண்டாமவரா என்று கணினியைக் கேட்கலாமே? ஊர்ப் பெயர்களை வைத்து ஆடும் இதே வகை ஆட்டத்தைப் பொதுமைப்படுத்தி, அமெரிக்கக் கணிதவியலர் தாமஸ் ஷேஃபர் 1978இல் ஒரு முடிவைக் காட்டினார். இத்தகைய ஆட்டத்தில் யாருக்கு வெற்றி உறுதி என்று கண்டுபிடிப்பது, கணினிக்கு மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது. பட்டியல் பெரிதாகப் பெரிதாக வேலை கட்டுக்கடங்காமல் போகும். இதில் எனக்கு ஒரு நிம்மதி. சாய்வு இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் என்று ஆடும் இருவருக்கும் தெரியாது. தெரியாத சாய்வைக் கையில் வைத்து யாரும் ஏமாற்ற முடியாது.

குழுக்களில் ஆடும்போது முறை என்பதே கலைந்துவிடுகிறது. ஞாயிறு மாலை தேக்கா பக்கம் கூடி உட்காரும் ஊழியர்கள் கைபேசியில் ஊருடன் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு குழுவில் சொல் தொடர் ஓடினால், முதலில் தட்டச்சு செய்து அனுப்பியவருக்கே முறை. இங்கே தீர்ப்பு சொல்வது விரல். ஒருவர் தமிழ்99 விசைப்பலகை பழகியவர், ஒருவர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர், ஒருவர் வாயால் சொல்லிக் கைபேசியை எழுதவைப்பவர். கணினித் தமிழை இந்த நகரத்தில் முன்னெடுத்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியபோது விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு பொதுத் தரம் வேண்டும் என்பது முக்கியக் கவலை. அது சொல்லாட்டத்துக்காக எழுந்த கவலை அல்ல. ஆனாலும் விசைப்பலகை வேறுபட்டால் ஓட்டப்பந்தயத்தின் தொடக்கக் கோடும் வேறுபடுகிறது. குழுவில் ஆளுக்கு இவ்வளவு நொடி என்று முறை கட்டி ஆடினால் இது பெரிதும் சரியாகும்.

இருவர் ஆடும் இணையச் சொல் தொடருக்கு நான் சொல்லக்கூடிய விதி வேறு. கணிதப் பிரியர்கள் ஆடும் ‘ஹெக்ஸ்’ என்ற பலகை ஆட்டத்தில் முதல்வரின் அனுகூலம் மிகப் பெரிது. அதை அடக்க அவர்கள் கையாள்வது பாகம் பிரிக்கும் பழைய முறை: ஒருவர் பிரிக்க வேண்டும், மற்றவர் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல்வர் ஒரு காயை வைத்ததும் இரண்டாமவர் விரும்பினால் அந்தக் காயையே தனதாக்கிக்கொள்ளலாம். சொல் தொடரில் இதை வைத்தால், முதல்வர் ஒரு சொல்லைச் சொல்கிறார். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்வதா, அந்தச் சொல்லையே தன்னுடையதாக எடுத்துக்கொண்டு முதல்வரைப் பதில் சொல்ல வைப்பதா என்று இரண்டாமவர் முடிவு செய்கிறார். முதல் சொல்லுக்கு ஜப்பானிய விதிகூடத் தேவையில்லை; அதன் பிறகு வரும் சொற்களுக்கு மட்டும் அது இருக்கட்டும். ‘மழை’ என்று தொடங்கினால் இரண்டாமவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொள்வார். ‘ழை’யில் சொல் தேட வேண்டியவர் இப்போது முதல்வர். ‘பணம்’ என்றால் சற்று யோசிக்க வேண்டும், ‘ம’ குவியல் ஒற்றையா இரட்டையா என்று. நல்ல ஆட்டக்காரர் தனக்கும் எதிராளிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு வழி திறந்துவிடும் சொல்லாகத் தேடிச் சொல்ல வேண்டியிருக்கும். ‘கதை’ என்றால்? அடுத்தவருக்குத் ‘தை’, தையல், தையலர், தைலம், தைரியம் என்று விரல்விட்டு எண்ணலாம், அதில் முதலும் மூன்றும் ‘ல’விலும் ‘ம’விலும் போய் நிற்கும். ‘கொசு’ என்றால் சுவர், சுமை, சுடர், சுக்கு, சுற்றம். முட்டுவதும் முட்டாததும் கலந்திருக்கிறது. வீட்டில் எதிராளி ஒருவரை உட்காரவைத்து ‘கொசு’வில் தொடங்கிப் பாருங்கள். அவர் எடுத்துக்கொள்வாரா, விட்டுவிடுவாரா?